சுண்ணாம்புக் காரை

சுண்ணாம்புக் காரை என்பது நீற்றிய சுண்ணாம்பையும் மணலையும் நீர் விட்டு அரைத்துச் செய்யப்படும் கட்டுமானச் சாந்து ஆகும். செங்கல்லையும் கருங்கல்லையும் இணைக்கவும், சுவருக்குப் பூசவும், மாடித் தளம் போடவும், கோபுரங்களில் சுதைச் சிற்பங்கள் அமைக்கவும் தமிழகத்தில் பல நூற்றாண்டுகள் இதுவே பயன்பட்டது. 20-ஆம் நூற்றாண்டில் சிமெண்ட் இதன் இடத்தைப் பிடித்தது. இன்று பழமையான கட்டடங்களைப் பழுதுபார்க்கும் பணிகளில் காரை மீண்டும் தேவைப்படுகிறது. ஆனால் அதை முறைப்படி தயாரிக்கத் தெரிந்த கொத்தனார்கள் மிகவும் குறைந்துவிட்டனர்.

பெயர்கள்

கட்டுமானத்திற்கு அரைத்து எடுத்த கலவையைக் காரை என்றும் சாந்து என்றும் வழங்குவர். சுவர்ப் பூச்சுக்கும் சிற்ப வேலைக்கும் உரிய நயமான சுண்ணாம்புக் கலவை சுதை எனப்படும். கோபுரங்களில் உள்ள உருவங்களைச் சுதைச் சிற்பங்கள் என்று அழைப்பது இதனால்தான். கூரை வீடுகளே மிகுந்திருந்த ஊர்களில் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய வீடு 'காரை வீடு' எனத் தனித்துக் குறிக்கப்பட்டது. அச்சொல் வீட்டுக்காரரின் வசதியையும் சேர்த்தே சொன்னது.

மூலப்பொருள்கள்

சுண்ணாம்பு எங்கு எதிலிருந்து கிடைக்கிறதோ அதைப் பொறுத்தே அவ்வூர்க் காரையின் தன்மை அமைந்தது. கடற்கரை ஊர்களிலும் கழிமுகங்களிலும் கிளிஞ்சல்களைச் சேகரித்துச் சுட்டனர். இது மிக வெண்மையானது. பூச்சு வேலைக்கு ஏற்றது. உள்நாட்டில் சுண்ணாம்புக் கல்லும், வயல்களிலும் ஓடைக் கரைகளிலும் முடிச்சு முடிச்சாகக் கிடைக்கும் சுக்கான் கல்லும் பயன்பட்டன. சுக்கான் கல்லில் இயல்பாகவே களிமண் கலந்திருப்பதால் அதிலிருந்து பெறும் சுண்ணாம்பு சற்று மங்கலாக இருந்தாலும் இறுகும் திறன் மிக்கது. இராமநாதபுரம், தூத்துக்குடிக் கடற்கரைகளில் பவளப் பாறைகளையும் சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்த காலம் உண்டு. பவள உயிரினங்கள் 2001-இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன.

கல் மீண்டும் கல்லாகும் முறை

சுண்ணாம்புக் கல்லும் கிளிஞ்சலும் வேதியியல் முறையில் கால்சியம் கார்பனேட் ஆகும். இதைக் காளவாயில் ஏறத்தாழ 900 பாகை செல்சியசு வெப்பத்தில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு (கால்சியம் ஆக்சைடு) எஞ்சும். அதில் நீர் ஊற்றினால் பெரும் வெப்பத்துடன் கொதித்துப் பொரிந்து நீற்றிய சுண்ணாம்பாக (கால்சியம் ஹைட்ராக்சைடு) மாறும். பொங்கலுக்கு வெள்ளையடிப்பதற்காகப் பானையில் சுண்ணாம்புக் கற்களைப் போட்டு நீர் ஊற்றியவுடன் 'கொதகொத'வென்று கொதிப்பது இந்த வினையே.

நீற்றிய சுண்ணாம்பு சுவரில் ஏறிய பின் காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது சிறிதாக ஏற்று மீண்டும் கால்சியம் கார்பனேட்டாக மாறுகிறது. அதாவது, கல்லாக இருந்தது பொடியாகிச் சாந்தாகி, சுவரில் மறுபடியும் கல்லாகிறது. இந்த மாற்றம் மேற்பரப்பில் தொடங்கி உள்நோக்கி மிக மெதுவாக நடைபெறும். தடித்த சுவர்களின் உட்பகுதி முழுவதும் இறுக ஆண்டுகள் பல ஆகலாம்.

எல்லாச் சுண்ணாம்பும் காற்றை மட்டுமே நம்பி இறுகுவதில்லை. களிமண் கலந்த சுண்ணாம்பு, நீருடன் வினைபுரிந்தும் இறுகும். தூய சுண்ணாம்புடன் சுட்ட செங்கல்லின் தூளைக் கலந்தாலும் இதே பயன் கிடைக்கும். சுர்க்கி எனப்படும் இத்தூள் கலந்த காரை நீருக்கடியிலும் இறுகக்கூடியது. எனவே அணை, பாலம், கிணறு, கால்வாய் ஆகிய வேலைகளில் இது இடம்பெற்றது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 712 என்னும் தர விதி கட்டடச் சுண்ணாம்பை ஏ முதல் எஃப் வரை வகைப்படுத்துகிறது. இவற்றுள் ஏ வகை நீரில் நன்கு இறுகும் தன்மையுடையது. சி வகை பூச்சுக்கு உகந்த தூய சுண்ணாம்பு. ஈ வகை சுக்கான் கல்லிலிருந்து பெறப்படுவது.

தயாரிப்பும் கருவிகளும்

சுட்ட சுண்ணாம்பைத் தொட்டியில் நீற்றி, கப்பியும் கசடும் நீங்கச் சலித்து, நீர் நிற்கும்படி ஊறவைப்பது முதல் வேலை. பூச்சுக்குரிய சுண்ணாம்பை நெடுநாள் ஊறவைப்பது வழக்கம். சரியாக நீறாத சுண்ணாம்புத் துகள் பூச்சில் கலந்துவிட்டால் பின்னர் ஈரம் பட்டு அங்கேயே நீறி உப்பும். சுவரில் கொப்புளங்கள் தோன்றும். இதைத் தடுக்கவே இந்தக் காத்திருப்பு.

ஊறிய சுண்ணாம்புடன் ஒன்றுக்கு இரண்டு அல்லது மூன்று பங்கு மணல் சேர்த்து அரைப்பது அடுத்த வேலை. பெரிய கட்டுமானங்களில் தரையில் வட்டமான வாய்க்கால் கட்டி, அதில் கலவையைக் கொட்டி, கனமான கல் சக்கரத்தை மாடு பூட்டிச் சுற்றச் செய்வர். சிறு வேலைகளில் உரலிலும் அம்மியிலும் அரைப்பதும் உண்டு. அரைக்க அரைக்க மணலின் ஒவ்வொரு பருக்கையின் மேலும் சுண்ணாம்பு படிந்து, கலவை வெண்ணெய்போல் குழைந்து வரும்.

கட்டும்போது கொத்தனார் கையாண்ட கருவிகள் எளியவை. சாந்தை எடுத்து வைக்கக் கரண்டி, செங்குத்துப் பார்க்கத் தூக்குக் குண்டு, மூலை பார்க்க மூலைமட்டம், அளக்க முழக்கோல், வரிசை பிடிக்க நூல், பூச்சைச் சமன் செய்ய மட்டப்பலகை, தளத்தை இறுக்கத் திமிசுக்கட்டை, உயரத்தில் நின்று வேலை செய்யச் சவுக்குக் கழியாலோ மூங்கிலாலோ கட்டிய சாரம் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இவற்றுட் பல இன்றும் மாறவில்லை.

கடுக்காயும் முட்டையும்

பழைய கட்டடங்களின் உறுதிக்குக் கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு ஆகியவையே காரணம் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. இவை சேர்க்கப்பட்டது உண்மையே. கடுக்காயை இடித்து, வெல்லம் அல்லது கருப்பட்டியுடன் நீரில் பல நாள் ஊறவைத்துப் புளித்த அந்நீரைக் கலவையில் ஊற்றினர். வெல்லத்திலுள்ள சர்க்கரை சுண்ணாம்பு நீரில் கரைவதை மிகுதிப்படுத்திக் கலவையைக் குழைவாக்குகிறது. முட்டை வெள்ளைக்கரு உயர்ந்த பூச்சு வேலைகளில், குறிப்பாக மேற்பூச்சில், வழவழப்புக்காகச் சேர்க்கப்பட்டது.

ஆயினும் இவை துணைப்பொருள்களே. நன்கு சுட்ட சுண்ணாம்பு, போதிய நாள் ஊறல், அலுக்காத அரைப்பு, பூசிய பின் உலர்ந்துவிடாமல் நீர் தெளித்தல் ஆகிய நான்கும் இல்லாத இடத்தில் எத்தனை முட்டை ஊற்றினாலும் காரை நிற்காது. காலமும் உழைப்புமே காரையின் உண்மையான சேர்மானங்கள்.

தமிழகக் கட்டடங்களில் காரை

விழுப்புரம் மாவட்டம் மண்டகப்பட்டில் உள்ள குடைவரைக் கோயில், 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்ம பல்லவனால் எடுக்கப்பட்டது. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய எதுவும் இன்றி மும்மூர்த்திகளுக்கு இக்கோயிலை அமைத்ததாக அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு கூறுகிறது. இன்னின்ன பொருள்கள் இல்லாமல் கட்டியதை அரசன் பெருமையாகச் சொல்கிறான் என்றால், அதுவரை கோயில்கள் அப்பொருள்களால்தான் கட்டப்பட்டன என்பது தெளிவாகிறது. தமிழகக் கட்டடக்கலையில் சுண்ணாம்பின் பழமைக்கு, அது இல்லை என்று சொல்லும் இக்கல்வெட்டே நல்ல சான்றாக அமைந்தது.

அதன் பின் கற்றளிகள் பெருகின. ஆனால் சுண்ணாம்பு மறையவில்லை. விசயநகர, நாயக்கர் காலங்களில் கோபுரங்கள் உயர்ந்தபோது, அடித்தளத்தைக் கருங்கல்லாலும் மேல் நிலைகளைச் செங்கல், காரை ஆகியவற்றாலும் கட்டும் முறை நிலைபெற்றது. இதனால் மேற்பகுதியின் எடை குறைந்தது. சுதைச் சிற்பங்களை அமைக்கவும் வழி ஏற்பட்டது.

மதுரையில் 1636-இல் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் மகால் இம்முறையின் உச்சம் எனலாம். அதன் பெரிய வளைவுகளும் குவிமாடமும் இரும்புச் சட்டமோ உத்தரமோ இல்லாமல் செங்கல்லும் காரையும் கொண்டே எழுப்பப்பட்டன. செட்டிநாட்டு வீடுகளில் கண்ணாடிபோல் மின்னும் சுவர்ப் பூச்சு இதே மரபின் பிற்கால வளர்ச்சியாகும். அங்கே ஒன்றன்மேல் ஒன்றாகப் பல பூச்சுகள் பூசி, கடைசிப் பூச்சைக் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றினர்.

ஆங்கிலேயர் காலச் சென்னையிலும் காரையே முதன்மைச் சாந்தாக இருந்தது. 1768-இல் கட்டப்பட்ட சேப்பாக்கம் அரண்மனையும் 1892-இல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றக் கட்டடமும் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டவை. நகரத்துக்குச் செங்கல் சுட்டுத் தந்த சூளைகளின் நினைவு 'சூளை' என்னும் பகுதியின் பெயரில் இன்றும் நிற்கிறது. கிளிஞ்சல் சுண்ணாம்பால் பூசி மெருகேற்றிய சென்னைச் சுவர்கள் சலவைக்கல்போல் இருந்ததை ஐரோப்பியப் பயணிகள் வியந்து எழுதினர்.

'மெட்ராஸ் டெரஸ்' என்று பெயர் பெற்ற மாடித் தளமும் இக்காலத்தில் பரவியது. தேக்கு உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் சாய்வு வரிசையில் குத்தாக நிறுத்திக் காரையால் ஒட்டுவர். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைப் பரப்பி, மரக் கட்டைகளால் நாள் கணக்கில் தட்டி இறுக்குவர். பெண்கள் வரிசையாக அமர்ந்து, கடுக்காய் நீரைத் தெளித்துக்கொண்டே தட்டுவர். கட்டை எகிறும் அளவுக்குத் தளம் இறுகிய பின்னரே தட்டு ஓடுகள் பதிக்கப்பட்டன. வீட்டுக்காரரின் பெயரும் பொறியாளரின் பெயரும் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கலாம். தளம் ஒழுகாமல் காத்த அப்பெண்களின் பெயர்கள் எங்கும் பதிவாகவில்லை.

நீர்க் கட்டுமானத்தில் சுண்ணாம்பின் திறனுக்கு முல்லைப் பெரியாறு அணை பெரிய எடுத்துக்காட்டு. கர்னல் ஜான் பென்னிகுயிக் மேற்பார்வையில் 1887-இல் தொடங்கி 1895-இல் முடிக்கப்பட்ட இவ்வணையின் முகப்புகள் கருங்கல் கட்டுவேலையாலும், உட்பகுதி சுண்ணாம்பு, சுர்க்கி கலந்த கான்கிரீட்டாலும் ஆனவை. நீர்க்கசிவின் வழியே சுண்ணாம்பு கரைந்து வெளியேறுவது கண்டறியப்பட்டதால், 20-ஆம் நூற்றாண்டில் சிமெண்ட் கலவை உட்செலுத்தியும் கான்கிரீட் கொண்டும் அணை வலுப்படுத்தப்பட்டது. காரையின் ஆற்றலையும் அதன் எல்லையையும் ஒருசேரக் காட்டும் கட்டுமானம் இது.

சிமெண்டின் வருகை

இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் 1824-இல் போர்ட்லேண்டு சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் சிமெண்ட் தயாரிக்கும் முதல் முயற்சி 1904-இல் சென்னையிலேயே நடந்தது. கடற்சிப்பிகளை மூலப்பொருளாகக் கொண்ட அம்முயற்சி நிலைக்கவில்லை. 1914-இல் குசராத்தின் போர்பந்தரில் தொழில்முறை உற்பத்தி தொடங்கியது. தமிழகத்தில் கோவைக்கு அருகே மதுக்கரையில் 1934-இலும், திருச்சி மாவட்டம் டால்மியாபுரத்தில் 1939-இலும், திருநெல்வேலிக்கு அருகே தாழையூத்தில் 1949-இலும் ஆலைகள் அமைந்தன. காளவாய்களுக்குப் போன அதே சுண்ணாம்புக் கல் ஆலைகளுக்குப் போகத் தொடங்கியது.

சிமெண்ட் சில மணி நேரத்தில் இறுகத் தொடங்கும். மூட்டையைப் பிரித்து மணலும் நீரும் சேர்த்தால் போதும். ஊறலும் அரைப்பும் வேண்டா. இரும்புக் கம்பியுடன் சேர்ந்து பெரும் பாரத்தைத் தாங்கும். அடுக்குமாடிகளும் நீண்ட பாலங்களும் காரையால் இயலாதவை. எனவே மாற்றம் தவிர்க்க முடியாததாயிற்று. காளவாய்கள் அணைந்தன, கல் சக்கரங்கள் கோயில் மூலைகளிலும் தோட்டங்களிலும் கிடந்தன. காரை வேலை தெரிந்த கொத்தனார்களின் பிள்ளைகள் சிமெண்ட் வேலைக்குப் போயினர்.

காரைச் சுவரில் சிமெண்ட் பூச்சு

பழைய கட்டடங்களையும் சிமெண்டால் பழுதுபார்க்கத் தொடங்கியபோது சிக்கல் எழுந்தது. காரைச் சுவரில் நுண்துளைகள் மிகுதி. மழை ஈரத்தையும் தரையிலிருந்து ஏறும் ஈரத்தையும் அது உறிஞ்சி வெயிலில் வெளியேற்றிவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழி அடைபடுகிறது. உள்ளே தங்கும் ஈரமும் அதில் கரைந்த உப்பும் பழைய செங்கல்லையும் காரையையும் பொடியாக்குகின்றன. சிமெண்ட் மிகக் கடினமானதால், வெயிலிலும் குளிரிலும் சுவருடன் இணைந்து விரிந்து சுருங்குவதில்லை. சில ஆண்டுகளில் பூச்சு ஓடுபோல் பெயரும்போது பழைய செங்கல்லின் முகத்தையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வருகிறது. வலுவூட்டுவதாக எண்ணிச் செய்த வேலையே பல நூற்றாண்டுக் கட்டடத்தை நலிவடையச் செய்கிறது.

காரை விரிசலுக்கு இயற்கையிலேயே ஒரு மருந்தும் உண்டு. மெல்லிய விரிசலில் நீர் புகும்போது சுவரில் எஞ்சியுள்ள சுண்ணாம்பு சிறிது கரைந்து, விரிசலில் படிந்து, காற்றுப்பட்டு இறுகி அதை அடைக்கும்.

இன்றைய நிலை

தொல்லியல் துறையினரும் மரபுக் கட்டடப் பாதுகாப்பில் ஈடுபட்டோரும் இன்று பழைய கட்டடங்களுக்குச் சுண்ணாம்பையே பரிந்துரைக்கின்றனர். 2012 சனவரியில் தீ விபத்தில் பெரும் சேதமடைந்த சேப்பாக்கம் கலஸ் மகால், பொதுப்பணித் துறையால் சுண்ணாம்புக் காரையும் மெட்ராஸ் டெரஸ் முறையும் கொண்டு மீட்டெடுக்கப்பட்டது. கைவிடப்பட்ட முறை, தேவை வந்தபோது மீண்டும் கற்றுக்கொள்ளப்பட்டது.

சுற்றுச்சூழல் நோக்கிலும் சுண்ணாம்பு பேசப்படுகிறது. உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு சிமெண்ட் உற்பத்தியால் ஏற்படுகிறது. சுண்ணாம்பு சுடும்போதும் அவ்வாயு வெளியேறும். ஆனால் சிமெண்டைவிடக் குறைந்த வெப்பமே போதும். வெளியேறியதில் ஒரு பகுதியைக் காரை இறுகும்போது திரும்ப ஏற்கவும் செய்கிறது.

காரையின் பக்குவத்தைக் கொத்தனார்கள் ஏட்டில் எழுதி வைக்கவில்லை. ஊறிய சுண்ணாம்பை விரலிடையே தேய்த்தும், அரைத்த சாந்து கரண்டியில் ஒட்டுவதைப் பார்த்தும், தளம் எழுப்பும் ஓசையைக் கேட்டும் அறிந்தனர். அந்த அறிவு மூத்த கைகளிடமிருந்து இளைய கைகளுக்கு வேலையிடத்திலேயே செல்ல வேண்டும். இன்று எஞ்சியுள்ள மூத்த கொத்தனார்களிடம் இளையோர் பயில வழி செய்தால், காரையால் எழுந்த கோயில்களையும் மாளிகைகளையும் வீடுகளையும் காரையாலேயே காக்க முடியும்.