"சொந்த ஊர்" என்ற கட்டம்

போன மாதம் பக்கத்து வீட்டுப் பேத்தி பள்ளிக்கூட நோட்டோடு வந்தாள். குடும்ப வரலாறு எழுதி வரச் சொல்லியிருக்கிறார்களாம். "தாத்தா, எங்க கொள்ளுப்பாட்டிக்குச் சொந்த ஊர்னு எதை எழுதறது? சிலோனா, திருச்சியா?" என்று கேட்டாள். உடனே பதில் சொல்ல வரவில்லை. இதே கேள்வியை ஏறக்குறைய ஐம்பது வருடத்துக்கு முன்னால், குமாஸ்தாவாக மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து நானே பலரிடம் கேட்டிருக்கிறேன்.

நம் பெர்ன்ஹில்லிலும் குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கங்களிலும் "சிலோன்காரர்" என்று நாம் சொல்லும் குடும்பங்களின் கதை பெரியவர்களுக்குத் தெரிந்ததுதான். வெள்ளைக்காரன் காலத்தில் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் அழைத்துப்போன கூலிகளின் வாரிசுகள் இவர்கள். முதலில் காபிக்குப் போனார்கள், பிறகு தேயிலைக்கு. மூன்று, நான்கு தலைமுறை அங்கேயே பிறந்து வளர்ந்தது. இலங்கை சுதந்திரம் அடைந்த 1948-லேயே வந்த குடியுரிமைச் சட்டம் இவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது.

1964 அக்டோபர் 30 அன்று சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் செய்தார்கள். மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்கு. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974-ல் இந்திரா காந்தி காலத்தில் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எண்ணிக்கையை முதலில் முடிவு செய்துவிட்டுப் பிறகுதான் மனிதர்களிடம் விண்ணப்பம் வாங்கினார்கள். அண்ணன் அங்கே, தங்கை இங்கே என்று ஆன வீடுகள் எத்தனையோ.

முதல் ஒப்பந்தம் முடிந்து இரண்டு மாதம் ஆவதற்குள் புயல் தனுஷ்கோடியை அழித்துவிட்டது. அதனால் பின்னால் வந்தவர்கள் தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். மண்டபம் முகாமில் தங்கி, கையில் குடும்ப அட்டையோடு அரசு சொன்ன ஊருக்குப் போனார்கள். பலருக்குத் தொழில் கடன் கொடுத்துச் சமவெளியில் கடை வைக்கச் சொன்னார்கள். வாழ்நாளெல்லாம் கொழுந்து பறித்தவர்களுக்குத் தராசு பிடிக்க வரவில்லை. கடன் பணம் கரைந்ததும் "நீலகிரியில் தேயிலை இருக்கிறதாமே" என்று விசாரித்துக்கொண்டு மலையேறி வந்தவர்கள் ஏராளம். இவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே அரசு 1968-ல் தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. 1976-ல் அது டான்டீ நிறுவனமாயிற்று.

அந்த நாளில் ஒரு அம்மாவுக்கு விண்ணப்பம் எழுதினேன். "சொந்த ஊர்?" என்று கேட்டேன். "நுவரெலியாங்க ஐயா." இந்திய ஊர்தான் எழுத வேண்டும் என்றேன். "எங்க தாத்தா துறையூர்ப் பக்கம்னு சொல்லுவாருங்க. நான் பாத்ததில்லை. ஐயா எதை எழுதினாலும் சரிங்க" என்றார். துறையூர் என்று எழுதினேன். கைநாட்டு வைத்துவிட்டுப் போனார். சட்டப்படி அது சரிதான். ஆனாலும் அவரிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்ட மாதிரி அன்று மனசு உறுத்தியது.

எனக்கு உறுத்தியதற்குக் காரணம் உண்டு. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1962 ஆகஸ்ட் 16-ல் இணைப்பு ஒப்பந்தம் அமலானபோது எனக்குப் பன்னிரண்டு வயது. பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். சொல்தாவாக இருந்த சித்தப்பா எழுதிக் கொடுத்தார். அப்பா கொடுக்கவில்லை. இருவரும் திண்ணையில் உட்கார்ந்து இரவெல்லாம் பேசியது நினைவிருக்கிறது. அப்பாவுக்கு அந்தப் பிரிவு ஆற வருஷக்கணக்கில் ஆயிற்று. ஆனாலும் அவர் தானே முடிவெடுத்தார், அதே தெருவில், அதே கடற்கரையில் வாழ்ந்தார். அந்த அம்மாவுக்கு அந்த இரண்டுமே கிடைக்கவில்லை.

பிறகு வேலையாகத் தோட்டங்களுக்குப் போனபோது அவரைப் போன்றவர்களைப் பார்த்தேன். முதுகில் கூடை, விரலில் அதே வேகம். குளிரும் பனியும் நுவரெலியா மாதிரியேதான் இருக்கிறது என்பார்கள். கடன் பத்திரத்தாலும் குடியுரிமைச் சான்றிதழாலும் ஆறாத மனசு, கை மறக்காத வேலை கிடைத்ததும் கொஞ்சம் ஆறியது. பழையதை மறந்தால்தான் புது வாழ்வு என்று பலரும் சொல்கிறார்கள். நான் கண்டது வேறு. பழைய வாழ்வில் ஏதாவது ஒன்றைக் கூடவே கொண்டுவர முடிந்தவர்கள்தான் புது இடத்தில் வேர் விட்டார்கள்.

இப்போது டான்டீயின் நிலத்தில் ஒரு பகுதி வனத்துறைக்கே திரும்புகிறது. ஓய்வு பெற்ற தொழிலாளர்கள் தோட்ட வீட்டைக் காலி செய்துவிட்டு எங்கே போவது என்று கலங்குகிறார்கள். ஒருமுறை பெயர்த்து நட்டவர்களை மறுபடி பெயர்க்கும்போது, நடுவதற்கு ஓர் இடத்தை முதலில் காட்ட வேண்டும்.

பேத்தியிடம், "துறையூர், நுவரெலியா, நீலகிரி மூன்றையும் எழுதும்மா" என்றேன். "கட்டம் சின்னதா இருக்கே தாத்தா" என்றாள். பக்கத்தில் கோடு போட்டு எழுதச் சொன்னேன். அன்று அந்த அம்மாவுக்கு அப்படி எழுத எனக்குத் தோன்றவில்லை.