துப்பாக்கியின் இறுகிய வாய்

இரட்டைக்குழல் துப்பாக்கியை நம் வயதுக்காரர்கள் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் ஒரு குழலின் வாய் மற்றதைவிடச் சற்றே இறுக்கமாயிருக்கும். இந்த இறுக்கத்துக்குச் ‘சோக்’ என்று பெயர். 1870களில் இங்கிலாந்தின் கிரீனர் இதைப் பரப்பினார்.

முழுச் சோக் என்றாலும் குறுக்கம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான். ஆனால் 40 கஜத்தில், 30 அங்குல வட்டத்துக்குள் நூற்றுக்கு 70 ரவைகள் விழும். குறுக்காத குழலில் 40. கிட்டத்தில் எழும் காடைக்குத் திறந்த வாய் போதும். இறுக்கினால் பறவை சிதைந்துவிடும். உயரப் போகும் வாத்துக்குத் திறந்த வாய் போதாது; காயத்தோடு நாணலுக்குள் விழுந்து துடிக்கும். அதுதான் பெரிய பாவம்.

1972ஆம் ஆண்டுச் சட்டமும் 1991 திருத்தமும் வேட்டையை முடித்துவைத்தன. புதுக்கோட்டைப் பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சுட்டது பறக்கும் தட்டுகளைத்தான். நம் பக்கத்துக் கூந்தன்குளத்தில் நாரைகள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. ஊராரே காவல்.