நிலவில் சாய்ந்த தென்னைகள்
புத்தளக் கரையோரத்தில் யானையும் நாமும்

புத்தளத்தின் வரலாற்றை எழுத முற்படுவோர் எவரும் இப்னு பதூதாவை விட்டுவிடுவதில்லை. 1344ஆம் ஆண்டு மாலைதீவிலிருந்து புறப்பட்ட அவரது கப்பல் எமது கரையை அடைந்தது. ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்று முத்துகளைப் பரிசளித்தார். பாவாத மலைக்குச் செல்லப் பல்லக்கும் வழித்துணைக்கு ஆட்களும் கொடுத்தனுப்பினார். இச்செய்திகளை நாம் பல மேடைகளில் கேட்டிருக்கிறோம். ஆனால் அவருடைய 'றிஹ்லா'வில் மரங்களைப் பற்றியும் யானைகளைப் பற்றியும் உள்ள பகுதிகள் எம்மிடையே அதிகம் பேசப்பட்டதில்லை.

அவர் பத்தாளா என்று குறிப்பிடும் நகர் புத்தளமே என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. மரத்தாலான மதிலும் மரக் கோபுரங்களும் சூழ்ந்த சிறிய அழகிய நகர் அது என்கிறார். வெள்ளம் அடித்துக்கொண்டுவந்த கறுவா மரங்கள் கரையெங்கும் குன்றுகள்போல் குவிந்து கிடந்தனவாம். மஃபரிலிருந்தும் மலபாரிலிருந்தும் வந்தோர் அவற்றை விலையின்றி எடுத்துச் சென்றார்கள். பதிலுக்கு மன்னருக்குத் துணிகளையும் அவை போன்ற பொருள்களையும் கொடுத்தார்கள். காட்டில் விழுந்த மரம் அன்று இக்கரைக்குச் செல்வமாக வந்து சேர்ந்தது.

சிலாபம் எனக் கருதப்படும் 'பந்தர் ஸலாவாத்'தைக் கடந்ததும் யானைகள் நிறைந்த காட்டுவழி தொடங்குகிறது. அவ்வழியைப் பற்றி அவர் ஒரு கதை சொல்கிறார். ஷீறாஸ் நகரத்துப் பெரியார் அபூ அப்துல்லாஹ் இப்னு ஹஃபீஃப் சுமார் முப்பது பக்கீர்களுடன் பாவாத மலைக்குப் போகும்போது வழி தவறிவிட்டது. பசி தாங்காத சீடர்கள் ஒரு யானைக்கன்றைப் பிடித்து உண்ண அனுமதி கேட்டனர். ஷெய்கு தடுத்தார். அவர்கள் கேட்கவில்லை, அறுத்துத் தின்றார்கள். அன்றிரவு அவர்கள் உறங்கியபோது நாலாபுறமிருந்தும் யானைகள் திரண்டு வந்தன. ஒவ்வொருவராக முகர்ந்து பார்த்துக் கொன்றன. ஷெய்கையும் முகர்ந்தன; அவரை ஒன்றும் செய்யவில்லை. ஒரு யானை அவரைத் துதிக்கையால் தூக்கி முதுகில் வைத்து, மனிதர் குடியிருக்கும் இடத்திற்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டது. அதன் பின்னரே இந்நாட்டவர் முஸ்லிம்களைக் கண்ணியப்படுத்தத் தொடங்கினர் என்று இப்னு பதூதா எழுதுகிறார்.

ஷெய்கு வாழ்ந்தது பத்தாம் நூற்றாண்டு. பயணி இக்கதையை எழுதியது பதினான்காம் நூற்றாண்டு. இது நடந்ததா என்பதை ஆராய்வது என் நோக்கமன்று. இத்தீவில் முஸ்லிமுக்குக் கிடைத்த மரியாதைக்குக் காரணம் கேட்டபோது, அன்றைய மனிதர் யானையைச் சாட்சிக்கு அழைத்தார்கள் என்பதே எனக்கு முக்கியமாகப்படுகிறது. குட்டியைக் கொன்றவனையும் கொல்லாதவனையும் அது பிரித்தறிந்தது என்று அவர்கள் நம்பினார்கள்.

அதற்குப் பிந்திய நூற்றாண்டுகளில் எம்மவர் யானையோடு தொழில்முறையில் பழகினர். 1859இல் வெளிவந்த ஸேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்டின் இலங்கை பற்றிய நூல் பணிக்கரைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. சோனகக் கிராமத்தவர் என்றே அவர்களை அவர் அடையாளப்படுத்துகிறார். மான் தோலிலோ எருமைத் தோலிலோ திரித்த கயிற்றை யானையின் பின்னங்காலில் மாட்டி, மறுநுனியை மரத்தில் கட்டிவிடுவது அவர்கள் முறை. துப்பாக்கி இல்லை, இரண்டொரு பேர் மட்டுமே. ஏறாவூர்ப் பணிக்கரின் பெயர் இன்றும் கிழக்கில் நிலைத்திருக்கிறது. எமது பகுதியிலோ அந்தச் சொல் முதியோரின் வாயோடு மறைந்துகொண்டிருக்கிறது. புத்தளத்து உப்பையும் கருவாட்டையும் மாடுகளின்மேல் ஏற்றிக் கண்டிக்குக் கொண்டுபோன தவளக்காரரும் இக்காட்டு வழிகளில் நடந்தவர்களே.

இந்த உறவு மாறத் தொடங்கியது ஆங்கிலேயர் காலத்தில். யானையைக் கொல்பவனுக்கு அரசு சன்மானம் வழங்கியது. 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500க்கும் மேற்பட்ட யானைகளுக்குச் சன்மானம் கொடுக்கப்பட்டதாக டெனன்ட் கூறுகிறார். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், பயிரிடப்படாத நிலத்தை அரசின் உடைமையாகக் கருத வழிசெய்தது. அந்நிலம் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டது. மலைநாட்டில் கோப்பி வந்தது. கரையோரத்தில் தென்னை வந்தது. நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வழியாக வடக்கே நகர்ந்த தென்னந்தோட்டங்கள் எமது மாவட்டத்தைக் குருநாகலோடும் கம்பஹாவோடும் சேர்த்துத் தென்னை முக்கோணத்தின் ஒரு மூலையாக்கின. வில்பத்து 1905இல் சரணாலயமாகவும் 1938இல் தேசிய வனமாகவும் பிரகடனப்படுத்தப்பட்டபோது, காட்டுக்கு ஒரு கோடு கிடைத்தது. அக்கோட்டை யானை அறியாது.

தென்னை நட்டவர்களில் பெரிய தோட்ட முதலாளிகள் மட்டும் இருக்கவில்லை. வீட்டைச் சுற்றிப் பத்துப் பதினைந்து மரம் வைத்திருந்த எம்போன்றவர்களும் இருந்தோம். நாட்டுத் தென்னை காய்க்க ஆறேழு வருடம் ஆகும். பெண்பிள்ளை பிறந்த வருடம் வைத்த கன்று, அவள் ஓதப் போகும் வயதில் பாளை விடும். அந்த மரத்தை அலியன் ஒன்று நெற்றியால் முட்டிச் சாய்த்துக் குருத்தைத் தின்ன ஐந்து நிமிடம் போதும்.

புத்தளத்துக்கு வடக்கே, வனாத்தவில்லுப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. நிலாக்காலம் வந்தால் எங்கள் ஊரில் உறக்கம் குறைந்துவிடும். இருட்டில் யானை வந்தால் யாரும் வெளியே இறங்கமாட்டார்கள். மரம் முறியும் சத்தத்தைக் கேட்டபடி கதவைச் சாத்திக்கொண்டு ஓதிக்கொண்டிருப்பார்கள். நிலவென்றால் கண் தெரிகிறது. கண் தெரிந்தால் மனிதனுக்குத் துணிச்சல் வருகிறது. தகரத்தைத் தட்டிக்கொண்டும், யானைவெடியைக் கொளுத்திக்கொண்டும் ஆண்கள் இறங்குவார்கள். தென்னை நிழல் அசைந்தாலும் யானையாகத் தெரியும். யானை அசையாமல் நின்றாலோ நிழலாகத் தெரியும். ஆபத்து இந்த இடத்தில்தான். விடிந்ததும் பெண்கள் சாய்ந்த மரத்திலிருந்து ஓலையை வெட்டிக் கிடுகு பின்ன எடுப்பார்கள். இளநீரைப் பிள்ளைகள் பொறுக்குவார்கள். உடையவர் மட்டும் குற்றிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டிருப்பார்.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து பறவையோ மனிதனோ மிருகமோ உண்டால் அது அவனுக்கு ஸதக்காவாகும் என்ற நபிமொழி எம் எல்லோருக்கும் தெரிந்ததே. மரம் இழந்தவரை ஆறுதல்படுத்த ஊரில் இதைச் சொல்வார்கள். ஒருமுறை அப்படிச் சொல்லப்பட்டபோது, நான்கு மரம் இழந்த ஒரு மூதாட்டி, "ஸதக்காதான் வாப்பா, ஆனா நான் குடுத்தது ஒரு மரம், மத்த மூணையும் அது கேக்காமலே எடுத்திட்டுது" என்றார். கூடி நின்றவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அந்தப் பேச்சில் யானைமேல் சாபம் இருக்கவில்லை. இன்றைய இளைஞரின் பேச்சில் அது இருக்கிறது.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலானோர் எமது மாவட்டத்தில்தான் தஞ்சமடைந்தார்கள். அவர்களுக்குக் குடிசை போட இங்கே பற்றைகள் வெட்டப்பட்டன. மறுபுறம், ஆளில்லாமல் கிடந்த அவர்களது முசலிப் பகுதி ஊர்களில் இருபது வருடத்தில் காடு வளர்ந்து வீட்டுச் சுவர்களை மூடியது. போர் முடிந்த 2009க்குப் பின் திரும்பியவர்கள், வாப்பாமார் வைத்த மரங்களைக் காட்டுக்குள் தேடினார்கள். மனிதன் துரத்தப்பட்டால் காடு வருகிறது; துரத்தப்பட்ட மனிதன் போய்ச் சேரும் இடத்தில் காடு விழுகிறது. யானையின் வழிகளும் இவற்றோடு மாறுகின்றன. இதையெல்லாம் கணக்கிலெடுக்காமல் 'யானைத் தொல்லை' என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவது வரலாறு ஆகாது.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டிலுள்ள காட்டு யானைகள் 5,879. 2023இல் மட்டும் 400க்கும் மேற்பட்ட யானைகளும் 150க்கும் மேற்பட்ட மனிதரும் மாண்டனர். வெடி, மின்கம்பி, புகையிரதம், காய்க்குள் வைக்கும் ஹக்கபட்டாஸ் என யானைகள் சாகும் வழிகள் பல. யானைகள் உலவும் நிலத்தின் பெரும்பகுதியில் மனிதரும் வாழ்கிறார்கள். ஆகவே வனத்தின் எல்லையில் வேலி போட்டால் வேலியின் இருபுறமும் யானை நிற்கும். ஊரைச் சுற்றியும், பயிர்க் காலத்தில் வயலைச் சுற்றியும் மின்வேலி அமைத்து, அதை ஊராரே பராமரிக்க வேண்டும் என்பது கலாநிதி பிருதிவிராஜ் பெர்னாண்டோ போன்ற ஆய்வாளர் நீண்டகாலமாக வலியுறுத்தும் கருத்து. அவர் தலைமையிலான குழு 2020இல் அரசிடம் கையளித்த திட்டமும் இதையே முன்வைத்தது. காட்டைச் சிறைப்படுத்துவதிலும் ஊரைக் காப்பது எளிது என்பதை எமது பணிக்கர் கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பார்கள். அவர்கள் யானைக்கு அஞ்சவில்லை. அதன் வழியை அறிந்திருந்தார்கள்.

இக்கரையில் யானைக்கும் எமக்கும் உள்ள பகை ஆதிகாலத்தது என்ற எண்ணம் பிள்ளைகளிடையே வேரூன்றி வருகிறது. அது ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கியது மட்டுமே என்பதையே மேலே கண்டோம். பாடநூல்களில் இதற்கு இடமில்லை. ஆனால் சான்றுகள் எம் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கின்றன. கிராமப் பாடசாலைகளின் சம்பவத்திரட்டுப் புத்தகத்தையும் வரவு இடாப்பையும் பாருங்கள். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வராத பிள்ளைகளும், வந்து மேசையில் தூங்கிய பிள்ளைகளும் யாருடைய தோட்டத்துக்கு யானை வந்தது என்பதைச் சொல்வார்கள். காணி உறுதிகளில் தென்னைகள் எண்ணப்பட்டிருக்கின்றன. பணிக்கர் குடும்பத்து வாரிசுகள் இன்னும் சிலர் இருக்கக்கூடும்.

புத்தளம், கற்பிட்டி, முசலிப் பகுதிகளில் பணியாற்றும் ஆசிரியர்கள் அவரவர் ஊரில் இவற்றைத் திரட்ட வேண்டும். சாய்ந்த மரங்களையும், இறந்த மனிதரையும், இறந்த யானைகளையும் ஒரே ஏட்டில் ஆண்டுவாரியாக எழுதிவைப்பதே தொடக்கம். முதியவர்கள் இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.