நமக்கென்று அனுப்பாத படம்

பத்து வருஷத்துக்கு முன்னால் டிவி ரிசீவருக்கான மென்பொருள் ஒன்றில் வேலை பார்த்தேன். சோதனைக்கு வந்த பழைய செயற்கைக்கோள் பதிவு ஒன்றில் சத்தம் கேட்டது, படம் வரவில்லை. “இது ஸ்டாண்டர்டே இல்ல, விட்டுடு” என்றார் சீனியர். எனக்கு விட மனசில்லை.

எம்பெக்-2 தரநிலை 1995-இல் வந்தது. வீட்டு ரிசீவர்கள் அதன் ‘மெயின் புரொஃபைல்’ என்ற பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டன. அதில் நான்கு புள்ளிகளுக்குச் சேர்த்து ஒரு நிறத் தகவல்தான். இதற்குப் பெயர் 4:2:0. நம் கண் நிற விஷயத்தில் அவ்வளவு கறார் இல்லை என்பதால் பார்ப்பதற்கு அது போதும்.

ஆனால் மைதானத்திலிருந்து தொலைக்காட்சி நிலையத்துக்குப் போகும் ‘ஃபீடு’ வேறு ரகம். அதை வெட்டுவார்கள், ஒட்டுவார்கள், மறுபடி சுருக்குவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் நிறம் தேயும். அதனால் 1996-இல் 4:2:2 புரொஃபைலைச் சேர்த்தார்கள். இரண்டு புள்ளிக்கு ஒரு நிறத் தகவல், நொடிக்கு 50 மெகாபிட் வரை. படத்தின் வரிகளும் 576-இல் நிற்காமல் 608 வரை போகலாம்.

ஐரோப்பாவில் இந்த ஃபீடுகள் பலவும் பூட்டில்லாமலே வானில் வந்தன. தோட்டத்தில் டிஷ் வைத்திருந்த ஆர்வலர்கள் அவற்றைத் தேடிப் பிடித்தார்கள். நேரலை தொடங்குமுன் தலைமுடியைச் சரிசெய்யும் நிருபரைக்கூட அதில் பார்க்கலாம். 4:2:2 வந்தால் மட்டும் ரிசீவரின் சிப் கையை விரித்துவிடும். எஃப்எஃப்எம்பெக் போன்ற திறமூல மென்பொருட்கள்தான் சிப்பை எதிர்பார்க்காமல் கணினியின் சிபியுவிலேயே அந்தப் படத்தை டிகோட் செய்தன.

எங்கள் நிரலின் கோளாறும் இங்கேதான். ஸ்ட்ரீமின் அட்டவணையில் இரண்டு ரகத்துக்கும் ஒரே எண்: 2. வித்தியாசம், வீடியோவின் தலைப்பகுதியில் இருக்கும் இரண்டே பிட்டுகளில். 01 என்றால் 4:2:0, 10 என்றால் 4:2:2. எங்கள் நிரல் அந்தப் பிட்டுகளைப் பார்க்கவே இல்லை. எல்லாம் 01 என்று அதுவே முடிவு கட்டியிருந்தது.

ஆக, அந்தப் படம் தரநிலைக்கு உட்பட்டதுதான். தரநிலை அதற்கு இடம் ஒதுக்கியிருந்தது, நாங்கள்தான் ஒதுக்கவில்லை. ‘ஸ்டாண்டர்ட் இல்லை’ என்று நாங்கள் சொன்னதற்கு, ‘இதைப் பார்க்கப்போவது எங்கள் வாடிக்கையாளர் இல்லை’ என்பதுதான் அர்த்தம்.

ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியம் ஃபீடுகளுக்கென்றே ‘பிஸ்’ என்ற பூட்டைத் தரநிலையாக்கியது. பூட்டு நேரடியாகச் சொல்கிறது: பார்க்காதே. எங்கள் கறுப்புத் திரையோ அங்கே பார்க்க எதுவுமே இல்லை என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

10 வந்தால் சிப்பை விட்டுவிட்டு மென்பொருளுக்கு அனுப்பும்படி சில வரிகள் சேர்த்தேன். படம் வந்தது. ஆளில்லாத கால்பந்து மைதானம். ஒருவர் குனிந்து புல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.