பலெர்மோ நகரில் இரண்டு நாட்கள்: நான்கு மொழிக் கல்லும் ஒரு சுவரொட்டியும்



வாலிபர் ஐக்கிய நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு சனி, ஞாயிறு இத்தாலியின் பலெர்மோ நகருக்குச் சென்றுவந்தோம். சிசிலித் தீவின் தலைநகரம் அது. 1980-களிலிருந்து அங்கே குடியேறிய இலங்கைத் தமிழர் பலர் வாழ்கிறார்கள். ஆகவே சந்தையில் தமிழில் விலை கேட்கலாம். நாங்கள் கண்டவற்றில் இரண்டு காரியங்களை மட்டும் இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

முதலாவது, கல்லில் உள்ள வரலாறு. 831-இல் இந்நகரை அரபியர் பிடித்தனர். 1072-இல் நார்மானியர் கைப்பற்றினர். 1130-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் இரண்டாம் ரோஜர் இங்கே அரசராக முடிசூட்டப்பட்டார். வென்றவர்கள் தோற்றவர்களைத் துரத்திவிடாமல் அவர்களுடைய கைத்திறனைப் பயன்படுத்திக்கொண்டார்கள். ரோஜர் தம் அரண்மனைக்குள் கட்டிய சிற்றாலயத்தில் சுவரெங்கும் கிரேக்க முறையில் அமைந்த பொன்னிறக் கற்சித்திரங்கள். மேலே இஸ்லாமியக் கலைப்பாணியில் செதுக்கிய மரக்கூரை.

சீசா அரண்மனையில் ஒரு கல்லறைக் கல்லைப் பார்த்தோம். கிரிசாந்துஸ் என்னும் குருவானவர் தம் தாய் அன்னாளுக்காக 1149-இல் வைத்தது. ஒரே செய்தி லத்தீனிலும் கிரேக்கத்திலும் அரபியிலும், எபிரெய எழுத்தில் எழுதிய அரபியிலுமாக நான்கு முறை பொறிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொன்றிலும் அந்தந்த மக்களின் ஆண்டுக்கணக்கு. தாயை இழந்த மகன், தன் துக்கத்தை அண்டை வீட்டாரும் தங்கள் எழுத்திலேயே வாசிக்கட்டும் என்று எண்ணியதுபோல் இருக்கிறது. ஆனால் அந்த ஒற்றுமை நிலைக்கவில்லை. அடுத்த நூற்றாண்டில் சிசிலியின் முஸ்லிம்கள் தீவைவிட்டு அகற்றப்பட்டனர். 1492-இல் யூதரை வெளியேற்றும் ஆணை பிறந்தது.

இரண்டாவது காரியம் நம் பெற்றோர் காலத்துக்கு நெருக்கமானது. ஞாயிறு காலை வால்டென்சியர் ஆலயத்துக்குச் சென்றோம். 12-ஆம் நூற்றாண்டில் லியோன் நகர வணிகர் வால்டோவிடமிருந்து தொடங்கி, 1532-இல் சீர்திருத்த இயக்கத்தோடு இணைந்த சபை இது. லூத்தருக்கு முன்னரே வேதத்தைத் தாய்மொழியில் வாசிக்க விரும்பி, அதற்காகப் பாடுபட்டவர்கள். இத்தாலியில் அவர்களுக்குக் குடியுரிமைகள் கிடைத்தது 1848-இல்தான். இன்றும் பலெர்மோவில் சிறு கூட்டமே.

1963 ஜூன் 30 அன்று, மாஃபியா கும்பல்களின் மோதல் நடந்துகொண்டிருந்த காலத்தில், நகரின் ஓரமான சாக்குல்லியில் ஒரு கார் கைவிடப்பட்டுக் கிடந்தது. அதைச் சோதித்தபோது, பின்பெட்டியில் மறைத்திருந்த குண்டு வெடித்துக் காவலரும் படைவீரருமாக ஏழு பேர் மாண்டனர். மாஃபியாவின் பெயரைச் சொல்லவே ஊர் அஞ்சிய காலம் அது. அப்போது வால்டென்சியர் சபையின் போதகர் பியெத்ரோ வால்டோ பனாஷா ஒரு சுவரொட்டி அச்சிட்டு நகரத் தெருக்களில் ஒட்டச் செய்தார். கொலை செய்யக் கூடாது என்ற கட்டளையை நினைவூட்டி, மனித உயிரை மதிக்கும்படி அது எல்லோரையும் கேட்டுக்கொண்டது.

இதைக் கவனித்த வத்திக்கான், கத்தோலிக்கத் திருச்சபையும் ஏதேனும் செய்யலாமா என்று பலெர்மோ கர்தினால் ருஃபீனிக்குக் கடிதம் எழுதியது. அவர் அந்தச் சுவரொட்டியைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் பிற்காலத்தில் கத்தோலிக்கரிலும் சாட்சிகள் எழுந்தார்கள். பிரங்காச்சோ பகுதியில் சிறுவர்களை மாஃபியாவிடமிருந்து விலக்கிக் காத்த பினோ புலீசி என்னும் குரு, 1993 செப்டம்பர் 15 அன்று, தம் 56-ஆவது பிறந்தநாளில், வீட்டு வாசலில் சுட்டுக்கொல்லப்பட்டார்.

பனாஷா சுவரொட்டியோடு நிறுத்தவில்லை. ஏழைப் பிள்ளைகளுக்காக 1959-இலேயே அவர் தொடங்கிய நோச்சே ஊழிய மையம் பள்ளியோடு வளர்ந்தது. பேசிய வாயும் உழைத்த கையும் ஒருவருடையவையே.

நண்பர்களே, நாமும் பல ஊர்களில் சிறு சபையாகவே கூடுகிறோம். "நாம் எத்தனை பேர்? நாம் சொன்னால் யார் கேட்பார்கள்?" என்று ஒதுங்குவது எளிது. நம் தெருவில் சாதிக் கொடுமையோ, வரதட்சணையோ, போதைப்பொருளோ பிள்ளைகளை விழுங்கும்போது, எல்லோருக்கும் தெரிந்த ஒரு கட்டளையை உரக்கச் சொல்ல நமக்குத் தைரியம் உண்டா? எண்ணிக்கை பெருகும்வரை அந்தப் போதகர் காத்திருக்கவில்லை. கர்த்தர் நமக்கும் அந்தத் தைரியத்தைத் தருவாராக.