பிறந்த மண்ணுக்கு வெளியே பேசிய பாரசீகம்

“இதென்ன சேர், ஹபாயாக்குள்ள பேய வெச்சிருக்காங்க!”

ஆசிரியர் ஓய்வறையில் என் கைபேசியிலிருந்த திரைப்படச் சுவரொட்டியைப் பார்த்த சக ஆசிரியர் கேட்டார். அவருடைய கோபத்தில் நியாயம் இல்லாமலில்லை. 2019க்குப் பின் நம் பெண்களின் கறுப்பு உடை எப்படிப் பார்க்கப்பட்டது என்பது நமக்குத் தெரியும்.

படத்தின் பெயரை ‘இரவில் தனியே வீடு செல்லும் பெண்’ எனத் தமிழாக்கலாம். 2014இல் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் வெளிவந்தது. இயக்கிய அனா லிலி அமீர்பூர், ஈரானியப் பெற்றோருக்கு இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். கறுப்பு வெள்ளைப் படம், வசனம் பாரசீகம். கதை நடக்கும் ‘கெட்ட நகரம்’ ஈரானில் இருப்பதாகப் பாவனை. படம் பிடித்ததோ கலிஃபோர்னியாவின் எண்ணெய் வயல்களுக்கு நடுவேயுள்ள டாஃப்ட் என்ற சிற்றூரில்.

பாரசீகப் படத்தை அமெரிக்காவில் எடுப்பதா என்று வியக்க வேண்டியதில்லை. முதல் பாரசீகப் பேசும்படமான ‘லுர் பெண்’ 1933இல் வெளிவந்தது. அதுவும் ஈரானில் எடுக்கப்பட்டதல்ல. பம்பாயில், அர்தஷீர் இரானியின் இம்பீரியல் கம்பனியில் எடுக்கப்பட்டது. 1931இல் முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ படத்தைத் தயாரித்தவரும் இதே இரானிதான். தமிழும் பாரசீகமும் திரையில் வாய் திறந்தது ஒரே வீட்டில் என்று சொன்னால் மிகையாகாது.

அந்தப் படத்தின் கதாநாயகி ரூஹங்கீஸ் சாமிநெஜாத். திரையில் தோன்றியதற்காக ஊராரின் பழிச்சொல்லுக்கு ஆளானார். மூன்று வருடம் கழிய, 1936இல், ரிஸா ஷா சாதரையே தடைசெய்தார். பொலிஸார் நடுத்தெருவில் பெண்களின் சாதரை உரித்தார்கள். மானத்துக்கு அஞ்சி வெளியே இறங்காமல் வீட்டுக்குள்ளேயே கிடந்த பெண்கள் அநேகம். 1979 புரட்சிக்குப் பின் நிலைமை தலைகீழானது. 1983இல் தலையை மறைக்காத பெண்ணுக்குக் கசையடி என்று சட்டம் வந்தது. களைந்தாலும் குற்றம், அணிந்தாலும் குற்றம். தீர்மானித்தது ஒருநாளும் அவளல்ல.

இந்த வரலாற்றோடு பார்த்தால் படம் வேறுமாதிரித் தெரிகிறது. இரத்தம் குடிக்கும் அந்தப் பெயரில்லாப் பெண், போதைப்பொருள் விற்று ஒரு பெண்ணின் உடலைக் காசாக்குகிறவனைக் கொல்கிறாள். ஒரு சிறுவனை, “நீ நல்ல பிள்ளையா?” என்று கேட்டு, வெருட்டி, உயிரோடு விடுகிறாள். அவன் விட்டோடிய சறுக்குப் பலகையில் ஏறி, சாதர் காற்றில் விரிய, வெறுந்தெருவில் போகிறாள். கௌபாய்ப் படங்களில் துப்பாக்கியோடு தனியே ஊருக்குள் வருவானே ஒருவன், அவனுடைய இடத்தில் இவள். அந்த வகைப் படங்களுக்குப் பேர்போன இத்தாலியர் செர்ஜியோ லியோனியும் அமெரிக்கப் பாலைவனத்தை ஸ்பெயினில்தான் உருவாக்கினார்.

வழமையாக இருட்டுத் தெருவில் பயந்து நடப்பவள் பெண். இங்கே அவளைக் கண்டு ஆண் பயப்படுகிறான். ஆனாலும் எனக்கொரு மனக்குறை உண்டு. பேய்க்கு உடுத்தாமல் சாதரை ஒரு சாதாரணப் பெண்ணுக்கு உடுத்தி, அவளைத் துணிச்சலானவளாகக் காட்ட மேற்குலகத் திரை இன்னும் பழகவில்லை. போதையும் கொலையும் வருவதால் இது வகுப்பறைக்குரிய படமுமல்ல.

சக ஆசிரியரிடம் இவ்வளவையும் சொன்னேன். கொஞ்சநேரம் யோசித்தார்.

“அப்ப, அந்த லுர் பெண் படம் இருக்கா சேர்? அத மொதல்ல பார்ப்பம்.”