மிளகுப் பொதி முதல் பின்னலாடைப் பெட்டி வரை

திருப்பூர் மாவட்டம் தாராபுரம் அருகேயுள்ள குண்டடத்தின் பைரவர் கோயில் தலக்கதையில் ஒரு மிளகு வணிகர் வருகிறார். மூட்டைகளில் இருப்பது பயறு என்று அவர் பொய் சொன்னதால், மிளகு பயறாகவே மாறிவிட்டதாம். மேற்கு மலை மிளகு கொங்கு வழியாகக் கிழக்கே சென்ற காலத்தின் நினைவு இதில் தங்கியிருக்கலாம்.

அந்தப் பயணத்தில் பொதி சரிந்தால் சரக்கு போயிற்று. கழுதைகளின் முதுகில் இருபுறமும் நிறை ஒத்துக் கட்டிய மிளகுப் பொதிகளைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. அந்த முதுகுகளின் வடுவையும் சொல்லத் தவறவில்லை. கடல் கடக்கச் சாடிகளும் உதவின. எகிப்தின் பெரெனிகே துறைமுக அகழாய்வில், கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த இந்தியச் சாடி ஒன்றில் சுமார் 7.5 கிலோ மிளகு கிடைத்தது.

இன்று திருப்பூர்ப் பகுதியிலிருந்து கடல் கடப்பது பின்னலாடை. அது உடையாது, சிந்தாது. ஈரம்தான் அதற்குப் பகை. சரியாக உலராத துணியை மடித்துப் பாலிதீன் பையில் இட்டால் வழியிலேயே பூஞ்சை பிடிக்கும். வெளியே நெளி அட்டைப்பெட்டி. நெளி அட்டையைப் பொதியும் பொருளாக்கி 1871-இல் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஜோன்ஸ் காப்புரிமை பெற்றது கண்ணாடிக் குப்பிகளுக்காக. ஈரம் குடித்தால் அதுவும் வலுவிழக்கும். அடுக்கில் அடிப்பெட்டி முதலில் நசுங்கும். அதனால்தான் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, இடைவெளி விடாமல் நிரப்பி ஒட்டுகிறார்கள்.